பார்டர் கோலி: ஒரு நாயின் பெயரும் அப்பெயரில் இடம்பெறாத மனிதர்களும்

மேய்ச்சல் சமூகங்களின் வரலாறு பற்றிய வகுப்பொன்றில் முதுகலை மாணவி ஒருவர் கேட்ட கேள்வியே இக்குறிப்புக்குக் காரணம். "நம் ஆட்டுக்காரர்களின் நாய்கள் ஏன் ஆட்டை ஓட்டுவதில்லை?" என்று அவர் கேட்டார். திரையில் அப்போது ஸ்காட்லாந்து மலைச்சரிவொன்றில் கருப்பு வெள்ளை நாயொன்று முந்நூறு ஆடுகளை ஒற்றை ஆளாக மடக்கிக் கொண்டுவரும் காட்சி ஓடிக்கொண்டிருந்தது. அன்று நான் சொன்ன விடை முழுமையானதல்ல. அதை இங்கே விரித்து எழுத முயல்கிறேன். விடையின் ஒரு பாதி ஓநாயைப் பற்றியது. மறுபாதி நில உடைமையைப் பற்றியது. இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஒரு பெயர் நிற்கிறது.

முதலில் ஓர் அடிப்படை வேறுபாடு. ஆட்டுமந்தையோடு வாழும் நாய்கள் இருவகைத் தொழில் செய்கின்றன. ஒன்று காவல். இமயத்தின் காடி, பகர்வால் நாய்களும் தக்காணத்தில் தங்கர், குருபர் மந்தைகளோடு நடக்கும் நாய்களும் இவ்வகையின. இவை குட்டிப்பருவம் முதலே ஆடுகளோடு வளர்ந்து, கிடையைச் சுற்றிப் படுத்து, ஓநாயும் சிறுத்தையும் அண்டாமல் காப்பவை. காடி நாயின் கழுத்தில் இரும்பு முள்பட்டை கட்டும் வழக்கம் சிறுத்தையின் பல்லை மனத்திற்கொண்டு ஏற்பட்டது. மற்றொன்று ஓட்டுதல். சிதறிய ஆட்டைத் திரட்டுவதும், மந்தையைப் பிரிப்பதும், பட்டிக்குள் அடைப்பதும் இதன் வேலை. காவல் நாய்க்கு உடற்பருமனும் நிதானமும் வேண்டும். ஓட்டும் நாய்க்கு விரைவும் ஓயாத உழைப்பும், மனிதனின் சீழ்க்கைக்குச் செவிசாய்க்கும் இயல்பும் வேண்டும். ஒரே நாய் இரண்டிலும் சிறப்பது அரிது.

இவ்வேறுபாட்டின் காரணத்தை 16ஆம் நூற்றாண்டிலேயே ஒருவர் சரியாகக் கண்டார். கேம்பிரிட்ஜைச் சேர்ந்த மருத்துவர் ஜான் கீஸ், சூரிச் நகர இயற்கையியலாளர் கொன்ராட் கெஸ்னரின் வேண்டுகோளுக்கிணங்க பிரித்தானிய நாய்கள் பற்றி லத்தீனில் எழுதிய சிறுநூல் 1570இல் வெளிவந்தது. ஆபிரகாம் பிளெமிங் 1576இல் அதை ஆங்கிலப்படுத்தினார். இங்கிலாந்தின் ஆட்டுநாய் பேருருவமோ மூர்க்கமோ கொண்டதல்ல, ஏனெனில் அது ஓநாயோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை என்று கீஸ் எழுதுகிறார். மேய்ப்பனின் குரலுக்கும் சீழ்க்கைக்கும் கையசைப்புக்கும் ஏற்ப அது அலையும் ஆட்டைத் திருப்பிக் கொணர்கிறது என்கிறார். பிற நாடுகளில் ஆடு மேய்ப்பனின் பின்னே நடக்கிறது, இங்கிலாந்திலோ மேய்ப்பன் ஆட்டின் பின்னே நடக்கிறான் என்பதும் அவருடைய கூர்ந்த கவனிப்பு. ஸ்காட்லாந்தில் ஓநாய் இன்னும் நூறாண்டளவு நீடித்தது. 1680இல் கடைசி ஓநாய் கொல்லப்பட்டதாக ஒரு மரபுச் செய்தி உண்டு. ஓநாய் அழிந்த நிலத்தில்தான் காவலுக்கான தேவை ஒழிந்து, ஓட்டுதல் நாயின் முழுத்தொழிலாக முடியும். தக்காணத்தில் ஓநாய் இன்றும் இருக்கிறது. ஆகவே நம் நாய் இன்றும் காக்கிறது. மாணவியின் கேள்விக்கு முதற்பாதி விடை இதுவே.

பெயரின் வேர்

இனிப் பெயருக்கு வருவோம். 'கோலி' என்ற சொல்லின் பிறப்பு இன்றும் முடிவாகாத ஒன்று. பல விளக்கங்கள் உள்ளன. நிலக்கரியைக் குறிக்கும் சொல்லோடு தொடர்புபடுத்தி 'கரிநிறத்தது' என்று பொருள்கொள்வது ஒன்று. ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியில் நாய்க்குட்டியைக் குறிக்கும் 'குலென்' என்ற சொல்லிலிருந்து பெறுவது மற்றொன்று. 'கோல்' என்பது நிக்கலஸ் என்ற பெயரின் பழைய சுருக்கம். அது நாய்க்கு இடும் வழக்கமான பெயராகிப் பின் பொதுப்பெயராயிற்று என்பது மூன்றாவது. மூன்றாவதற்குப் பழைய சான்றொன்று உண்டு. 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் சாசர் எழுதிய கேன்டர்பரி கதைகளில், சேவலைத் தூக்கிச் செல்லும் நரியைத் துரத்தி ஓடும் நாய்களில் ஒன்றின் பெயர் கோல். நம்மூரில் மணி என்பதுபோல், அன்று அது நாய்க்குரிய சாதாரணப் பெயராக இருந்திருக்கலாம்.

சொற்பிறப்பாய்வில் ஈடுபடும் மாணவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மூன்று விளக்கங்களும் ஒலியளவில் இயலக்கூடியவை. சான்றளவில் எதுவும் பிறவற்றை வீழ்த்தும் வலிமையுடையதல்ல. இருந்தும் இணையத்திலும் வளர்ப்போர் கையேடுகளிலும் கேலிக் விளக்கமே பெருவழக்காக உலவுகிறது. மலைநாடும் பழைய மொழியும் கலந்த ஒரு கவர்ச்சி அதற்கு இருக்கிறது. ஒரு விளக்கம் நமக்குப் பிடித்திருப்பது அது உண்மை என்பதற்குச் சான்றாகாது. இந்தக் கேலிக் விளக்கத்துக்குப் பின்னர் மீண்டும் வருவேன்.

பெயரின் பிறப்பு எதுவாயினும், 18ஆம் நூற்றாண்டில் அது எந்தப் பொருளில் வழங்கியது என்பது தெளிவு. அது ஓர் இனப்பெயரன்று, தொழிற்பெயர். 1786இல் ராபர்ட் பர்ன்ஸ் வெளியிட்ட 'இரு நாய்கள்' என்ற கவிதையில் செல்வச் சீமானின் சீசரும் ஏழை உழவனின் லூவத்தும் உரையாடுகின்றன. லூவத்தை உழவனின் கோலி என்றே கவிஞர் அறிமுகப்படுத்துகிறார். குத்தகை வசூலிக்கும் முகவரின் கொடுமையும் ஏழையின் பொறுமையும் அந்த உரையாடலில் இடம்பெறுகின்றன. 'கோலி' என்றால் உழைப்பவன் வீட்டு நாய் என்று வாசகருக்கு அன்று விளக்க வேண்டியிருக்கவில்லை. 1790இல் நார்தம்பர்லாந்தைச் சேர்ந்த மரச்செதுக்குக் கலைஞர் தாமஸ் பியூயிக் வெளியிட்ட நாற்கால் விலங்குகள் பற்றிய நூலிலும் ஆட்டுநாய்க்குத் தனி இடமுண்டு. பரந்த மேய்ச்சல் நிலங்களில் இவ்விலங்கின் இன்றியமையாமையை அவர் வலியுறுத்துகிறார்.

கண்ணால் ஓட்டுதல்

இந்நாயின் வேலைமுறை தனித்தன்மை கொண்டது. அது குரைத்து விரட்டுவதில்லை. உடலைத் தாழ்த்தி, தலையை நீட்டி, ஆட்டை இமையாது நோக்கியபடி நகர்கிறது. மேய்ப்பர்கள் இதைக் 'கண்' என்றே அழைக்கின்றனர். 'வலுத்த கண்' உடைய நாய் என்பது அவர்களின் கலைச்சொல். உயிரியலாளர் ரேமண்ட் காப்பிஞ்சர் இதை வேட்டை நடத்தையின் முறிந்த வடிவம் என்று விளக்கினார். இரையைக் காணல், உற்று நோக்கல், பதுங்கி நெருங்கல், துரத்தல், கவ்வல், கொல்லல் என்பது வேட்டையின் வரிசை. ஓட்டும் நாயில் முதல் நான்கும் மிகைப்பட்டுள்ளன. கடைசி இரண்டும் தேர்ந்தெடுத்த இனப்பெருக்கத்தால் ஒடுக்கப்பட்டுள்ளன. ஆடு அந்நாயை ஓநாயாகவே உணர்ந்து விலகுகிறது. ஓநாயை ஒழித்த நாட்டார், அதன் பார்வையை மட்டும் தம் நாயின் முகத்தில் வைத்துக்கொண்டனர் என்று சொன்னால் தவறாகாது.

இதன் ஆற்றலுக்கு மிகப் புகழ்பெற்ற சாட்சியம் ஜேம்ஸ் ஹாக்குடையது. எட்ரிக் பள்ளத்தாக்கின் மேய்ப்பராக வாழ்ந்து எழுத்தாளராக உயர்ந்த ஹாக், சிரா என்ற தம் நாயைப் பற்றி எழுதியிருக்கிறார். மாட்டு வணிகன் ஒருவனிடமிருந்து ஒரு கினி விலைக்கு அவர் வாங்கியபோது அதற்கு மேய்ப்புத் தொழில் எதுவும் தெரியாது. பின்னர் ஓரிரவு, தாயிடமிருந்து பிரிக்கப்பட்ட ஏறத்தாழ 700 குட்டிகள் நள்ளிரவில் வெருண்டு மூன்று பிரிவாக மலையில் சிதறின. ஹாக்கும் உதவியாளும் விடியும்வரை தேடிக் களைத்துத் திரும்பும் வழியில், ஒரு பள்ளத்தில் சிரா குட்டிகளை அடக்கி நிற்பதைக் கண்டனர். எண்ணிப் பார்த்தபோது ஒன்றும் குறையவில்லை. அந்த இருளில் ஒரு நாய் தனியே இதை எவ்வாறு செய்தது என்பது தமக்கு விளங்கவேயில்லை என்கிறார் ஹாக்.

இக்கதை எல்லா நாய் நூல்களிலும் எடுத்தாளப்படுகிறது. ஆனால் அதே கட்டுரையில் ஹாக் சொல்லும் மற்றொரு செய்தியை வரலாற்று மாணவர்கள் மட்டுமே ஊன்றிப் படிக்கக்கூடும். ஆட்டுநாய் இல்லையெனில் ஸ்காட்லாந்தின் மலைநிலம் முழுவதும் காசுக்கு உதவாது என்கிறார் அவர். மலையிலிருந்து ஆட்டைத் திரட்டவும் பட்டியில் அடைக்கவும் சந்தைக்கு ஓட்டவும் வேண்டிய ஆட்களின் கூலியை மந்தையின் மொத்த வருவாயாலும் ஈடுகட்ட முடியாது என்பது அவர் கணக்கு. நாய்ப்பாசத்தோடு எழுதப்பட்ட கட்டுரைக்குள் ஒரு பொருளியல் வாக்கியம் இது. ஒரு நாய் பல ஆட்களின் வேலையைச் செய்கிறது என்பதுதான் அதன் பொருள். அந்த ஆட்கள் என்னவானார்கள் என்பதே நாம் அடுத்துக் கேட்க வேண்டியது.

வெளியேற்றப்பட்டோர்

18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆட்டுமயிருக்கும் இறைச்சிக்கும் விலை ஏறியது. எல்லைப் பகுதியின் செவியட் மலைகளில் வளர்க்கப்பட்ட செம்மறி இனம் வடக்கே மலைநாட்டுக்குக் கொண்டுசெல்லப்பட்டது. அங்கே கேலிக் மொழி பேசும் மக்கள் பள்ளத்தாக்குகளில் கால்நடையும் சிறு பயிரும் கொண்டு கூட்டாக வாழ்ந்துவந்தனர். அவர்கள் தரும் குத்தகையைவிடப் பன்மடங்கு மிகுதியான குத்தகையை ஆட்டுப்பண்ணையாளர் தர முன்வந்தனர். நிலக்கிழார்கள் கணக்குப் பார்த்தனர்.

1792ஐ மலைநாட்டு மக்கள் 'ஆடுகளின் ஆண்டு' என்று நினைவில் வைத்திருக்கின்றனர். அவ்வாண்டு ராஸ் பகுதி மக்கள் திரண்டு, தம் நிலத்தில் புகுந்த ஆடுகளை ஆயிரக்கணக்கில் ஓட்டிக்கொண்டு தெற்கே நடந்தனர். யாரையும் அவர்கள் தாக்கவில்லை, ஆட்டை வெளியேற்றுவது மட்டுமே நோக்கம். படை வரவழைக்கப்பட்டு எழுச்சி அடக்கப்பட்டது. 1814இல் சதர்லாந்தின் ஸ்ட்ராத்நேவர் பள்ளத்தாக்கில் குடியிருப்போரை வெளியேற்றும் பணியை நடத்தியவர் பேட்ரிக் செல்லர். சதர்லாந்துச் சீமாட்டியின் முகவரான அவரே அந்நிலத்தின் புதிய ஆட்டுப்பண்ணைக் குத்தகைதாரருமாவார். வீடுகளின் கூரைமரங்கள் எரிக்கப்பட்டன. உயிரிழப்புக்கும் தீவைப்புக்கும் பொறுப்பாளர் என்று 1816இல் இன்வெர்னஸ் நகரில் விசாரிக்கப்பட்ட செல்லர் குற்றமற்றவர் என்று விடுவிக்கப்பட்டார். வெளியேற்றப்பட்டோர் கடற்கரையின் குறுநிலங்களுக்குத் தள்ளப்பட்டு மீன்பிடிக்கப் பழகினர். சதர்லாந்தின் கில்டோனன் பகுதியிலிருந்து சிலர் கனடாவின் செவ்வாற்றங்கரைக் குடியேற்றத்துக்குக் கப்பலேறினர்.

மூலதனம் முதல் தொகுதியில் மார்க்ஸ் இந்நிகழ்வை ஆதித் திரட்டலுக்கு எடுத்துக்காட்டாகக் கொள்கிறார். 1814 முதல் 1820 வரை 15,000 பேர் வேரறுக்கப்பட்டனர், 1835க்குள் அவர்களிடத்தில் 1,31,000 ஆடுகள் இருந்தன என்பது அவர் தரும் கணக்கு. மனிதரை ஆடு தின்றது என்ற உருவகம் அதற்கு மூன்று நூற்றாண்டுகளுக்கு முன்பே தாமஸ் மோரின் 'உட்டோப்பியா'வில் இருக்கிறது. ஆனால் மார்க்ஸின் அந்தப் பத்தியில் ஆடு உண்டு, நாய் இல்லை. ஆடு தானாக மேயும். தானாகத் திரளாது. சமவெளியில் வேலி உண்டு. மலைச்சரிவில் அன்று வேலியில்லை. பனிக்காலத்துக்கு முன்பும், குட்டி பிரிக்கும் நாளிலும், மயிர் கத்தரிக்கும் நாளிலும் அவ்வளவு ஆட்டையும் சிகரங்களிலிருந்து இறக்கியாக வேண்டும். ஒரு ஊரே சேர்ந்து செய்திருக்கக்கூடிய அவ்வேலையைத் தெற்கிலிருந்து வந்த சில மேய்ப்பரும் அவர்களோடு வந்த நாய்களும் செய்துமுடித்தனர். ஹாக்கின் கணக்கைச் சதர்லாந்தின்மேல் வைத்துப் பார்த்தால், அந்நாய் இல்லாமல் அந்தக் குத்தகைத்தொகை கட்டுப்படியாகியிருக்காது என்பது புலனாகும்.

நாயைக் குற்றவாளியாக்குவது என் நோக்கமன்று. நூற்பாலைப் பொறியைப் பற்றி எழுதும்போது பொறியைக் குற்றவாளியாக்குவதில்லை. ஆனால் பொறியைக் கணக்கில் எடுக்காமல் ஆலையின் வரலாற்றை எழுதுவதுமில்லை. விலங்கின் உழைப்பைத் தொழில்நுட்பத்தின் பக்கத்தில் வைத்து எண்ணும் பழக்கம் நம் பொருளியல் வரலாற்றில் இன்னும் போதிய அளவு வேரூன்றவில்லை.

இந்த இடத்தில்தான் பெயரின் கேலிக் விளக்கம் ஒரு கசப்பான சுவையைப் பெறுகிறது. 'கோலி' என்பது 'குலென்' என்பதிலிருந்து வந்ததே என்று ஒரு பேச்சுக்கு ஒப்புக்கொள்வோம். அப்போது, கேலிக் பேசியோரை நிலத்திலிருந்து அகற்றிய பண்ணைமுறையின் முதன்மைக் கருவி, அம்மக்களின் மொழிச்சொல் ஒன்றையே பெயராகச் சுமந்துகொண்டு அவர்கள் வீட்டிருந்த இடத்தில் ஓடியிருக்கிறது. அவ்விளக்கம் தவறெனில், வெளியேற்றப்பட்டோரின் மொழியைப் பிற்காலத்தார் நாயின் கழுத்தில் அலங்காரமாகக் கட்டியிருக்கின்றனர். எவ்வாறாயினும் அம்மொழியைப் பேசியவர்கள் பெயரளவிலேயே அக்கதைக்குள் இருக்கின்றனர்.

இதே நாய்கள் இடையர்களோடு கடல்கடந்து ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் சென்றன. அங்கும் பூர்வகுடிகளின் நிலம் ஆட்டுநிலமாயிற்று. ஆஸ்திரேலியாவில் இவற்றின் வழித்தோன்றலாக உருவான ஓட்டுநாய்க்கு 1870களில் வாய்த்த பெயர் கெல்பி. ஸ்காட்லாந்து நாட்டார் கதைகளில் குதிரை உருவில் வரும் நீர்ப்பேயின் பெயர் அது. புதிய நிலத்தில் ஓடும் நாய்க்கும் பெயர் பழைய நாட்டிலிருந்தே வந்தது.

இரு தேர்வுகள்

19ஆம் நூற்றாண்டின் நடுவில் மலைநாடு வேறொரு வகையில் பேசப்படலாயிற்று. அரசி விக்டோரியா பால்மோரல் மாளிகையில் ஆண்டுதோறும் தங்கினார். மக்கள் குறைந்த பள்ளத்தாக்குகள் கண்ணுக்கினிய தனிமையாயின. அரசி கோலி நாய்களை விரும்பி வளர்த்தார். ஷார்ப், நோபிள் என்ற நாய்களின் பெயர்கள் அவருடைய வாழ்க்கைக் குறிப்புகளில் இடம்பெறுகின்றன. அரசி வளர்த்ததை நாகரிகச் சமூகம் வளர்த்தது. உழவன் வீட்டு நாய் வரவேற்பறைக்கு வந்தது.

1873ஆம் ஆண்டு இங்கே கவனிக்கத்தக்கது. அவ்வாண்டில் லண்டனில் கென்னல் கிளப் தொடங்கப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில் வேல்ஸின் பாலா என்ற ஊரில் பிரித்தானியாவின் முதல் ஆட்டுநாய்ப் போட்டி நடந்தது. அதை நடத்தியவர் அப்பகுதி நிலக்கிழார் லாயிட் பிரைஸ். பத்து நாய்கள் கலந்துகொண்டன. வேல்ஸில் குடியேறியிருந்த ஸ்காட்லாந்துக்காரர் ஒருவரின் ட்வீட் என்ற நாய் வென்றது. ஒரே ஆண்டில் பிறந்த இவ்விரு நிறுவனங்களும் ஒரே விலங்கை இரு வேறு கேள்விகளால் சோதித்தன. கண்காட்சி மேடையின் கேள்வி, இந்நாய் எப்படி இருக்கிறது என்பது. போட்டித்திடலின் கேள்வி, இந்நாய் என்ன செய்கிறது என்பது.

கண்காட்சிக்காக வளர்க்கப்பட்ட கோலி நீண்ட முகமும் அடர்ந்த பொன்னிற மயிருமாக மாறியது. எரிக் நைட் 1938இல் சிறுகதையாகவும் 1940இல் நாவலாகவும் எழுதி, 1943இல் திரைப்படமாகி உலகப்புகழ் பெற்ற லாஸி இவ்வகை. 'கோலி' என்ற பெயர் அதனிடம் போய்ச் சேர்ந்தது. மலையில் ஆடு ஓட்டிக்கொண்டிருந்த நாய்க்குத் தன் பெயரே தனக்கில்லாத நிலை ஏற்பட்டது.

அந்நாயின் வம்சாவளி பெரும்பாலும் ஒற்றை மூதாதையிடம் கொண்டுசேர்க்கப்படுகிறது. 1893 செப்டம்பரில் நார்தம்பர்லாந்தில் ஆடம் டெல்ஃபர் என்பவரின் பண்ணையில் பிறந்த ஹெம்ப் அது. தந்தை ராய் துடிப்பானது, ஆயினும் தொழிலில் பெரிதாகத் தேறாதது. தாய் மெக் வலுத்த கண்ணும் மிகுந்த கூச்சமும் உடையது. இரண்டின் நடுவே ஹெம்ப் அமைதியும் ஆற்றலும் ஒருங்கே பெற்றிருந்தது. 1901இல் அது இறந்தபோது அதன் குட்டிகள் எல்லைப்பகுதி முழுவதும் பரவியிருந்தன.

1906இல் ஸ்காட்லாந்தின் ஹாடிங்டன் நகரில் பன்னாட்டு ஆட்டுநாய்ச் சங்கம் நிறுவப்பட்டது. அதன் செயலாளராக நெடுங்காலம் பணியாற்றிய வழக்கறிஞர் ஜேம்ஸ் ரீட், கண்காட்சிக் கோலியிலிருந்து வேலைக்கோலியை வேறுபடுத்த 1915இல் 'பார்டர்' என்ற அடைமொழியைச் சேர்த்தார் என்பது சங்க வரலாற்றில் வழங்கும் செய்தி. பார்டர் என்பது இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் இடைப்பட்ட எல்லைநிலம். 1603இல் இரு முடிகளும் ஒரே தலைக்கு வரும்வரை கால்நடைக் கொள்ளையும் பழிக்குப்பழியும் ஓயாதிருந்த நிலம் அது. ஆக 'பார்டர்' என்ற சொல் அந்நாயின் புவியியலைக் குறிப்பதைக் காட்டிலும், இழந்த பெயரை மீட்க ஏற்பட்ட தேவையைக் குறிக்கிறது எனலாம்.

சங்கத்தின் வம்சாவளிப் பதிவேட்டின் முதல் தொகுதி 1955இல் வெளிவந்தது. அதில் ஹெம்ப்பின் எண் 9. சங்கம் தோன்றுவதற்கு ஐந்தாண்டுக்கு முன்பே இறந்துபோன நாய் பிற்காலத்தில் பதிவேட்டில் எழுதப்பட்டு 'முதல் மூதாதை' ஆயிற்று. அரச வம்சாவளிகளைப் படித்துப் பழகிய நமக்கு இவ்வழக்கம் புதிதன்று. தொடக்கம் என்பது எப்போதும் பின்னால் வந்தவர்களால் எழுதப்படுகிறது. ஆயினும் அச்சங்கத்தின் ஒரு விதி சிறப்பாகக் கருதத்தக்கது. பெற்றோர் பதிவு பெறாத நாயாயினும் வேலைத்திறனை மெய்ப்பித்தால் தகுதி அடிப்படையில் பதிவேட்டில் இடம்பெறலாம். பிறப்பால் அடைக்கப்பட்ட கதவைத் தொழில் திறக்கும் என்பது அதன் பொருள்.

பின்னர் இப்பெயரும் மேடையேறியது. பிரித்தானியக் கென்னல் கிளப் 1976இல் பார்டர் கோலியை ஏற்றது. 1995இல் அமெரிக்கக் கென்னல் கிளப் ஏற்றபோது மேய்ப்பு நாய் வளர்ப்போர் கடுமையாக எதிர்த்தனர். தோற்றத்தை வைத்துத் தேர்ந்தால் சில தலைமுறைகளில் கண் போய்விடும், பெயர் மட்டும் எஞ்சும் என்பது அவர்கள் அச்சம். ஒருமுறை பெயரை இழந்தவர்களின் அச்சம் அது.

அறிவியலும் இங்கே சில செய்திகளைத் தருகிறது. 2004இல் ஜெர்மனியில் ஆராயப்பட்ட ரிக்கோ என்ற பார்டர் கோலி 200க்கும் மேற்பட்ட பொருள்களின் பெயர்களை அறிந்திருந்தது. 2011இல் ஜான் பில்லி வெளியிட்ட ஆய்வில் சேசர் என்ற நாய் 1,022 பொருள்களைப் பெயரால் வேறுபடுத்தியது. அதேவேளை, 2022இல் சயன்ஸ் இதழில் வெளியான பெரிய மரபணு ஆய்வொன்று, தனித்தனி நாய்களின் நடத்தை வேறுபாட்டில் ஏறத்தாழ 9 விழுக்காட்டை மட்டுமே இனம் விளக்குகிறது என்று கண்டது. இனப்பெயர் என்பது நாம் நம்பும் அளவுக்குச் செறிவான தகவல் அன்று. வேலையைச் சோதித்துத் தேர்வது நின்றுவிட்டால் பெயரால் மட்டும் குணத்தைக் காப்பாற்ற முடியாது என்ற மேய்ப்பர்களின் வாதத்தோடு இம்முடிவு முரண்படவில்லை.

நம் பதிவேடுகள்

இக்கதை இந்திய ஆய்வாளர்களுக்கு ஏன் வேண்டும்? கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபணு வள நிறுவனம் நம் நாட்டு நாயினங்களைப் பதிவுசெய்யத் தொடங்கியுள்ளது. ராஜபாளையம், சிப்பிப்பாறை, முதோல் ஆகிய வேட்டை நாய்கள் முதலில் இடம்பெற்றன. இமயத்தின் காடி நாயும் அண்மையில் சேர்ந்துள்ளது. இது வரவேற்கத்தக்க பணி. ஆனால் பதிவேடு எழுதப்படும் காலம்தான் கேள்விகள் கேட்கவேண்டிய காலம். உயரம், நிறம், காதின் மடிப்பு ஆகியவை அளக்க எளியவை. பனிக்கணவாயில் முந்நூறு ஆட்டோடு இரவு முழுவதும் விழித்திருக்கும் இயல்பை எவ்வாறு அளப்பது? அதை அறிந்தவர் காடி இடையர். தக்காணத்து நாயை அறிந்தவர் தங்கரும் குருபரும். அவர்களுடைய மேய்ச்சல் வழிகளோ வேலிகளாலும் காட்டுச்சட்டங்களாலும் சாலைகளாலும் ஆண்டுக்காண்டு சுருங்கிவருகின்றன. மேய்ச்சல் ஒழிந்தபின் மேய்ப்பு நாயைப் பாதுகாப்பதென்பது, தோலைப் பாடம்செய்து வைப்பதைவிடச் சற்றே மேலான செயல், அவ்வளவே.

நகரங்களில் பார்டர் கோலி இன்று வளர்ப்பு நாயாக வந்துசேர்ந்திருக்கிறது. அடுக்குமாடியின் நான்கு சுவருக்குள் அது குழந்தைகளை வளைத்து ஒரு மூலையில் சேர்க்கிறது என்றும் சாலையில் வண்டிகளை வெறித்துப் பதுங்குகிறது என்றும் உரிமையாளர்கள் குறைப்படுகின்றனர். அது குறும்பு அன்று. அதற்குத் தெரிந்த தொழிலை, ஆடில்லாத இடத்தில், அது செய்துகொண்டிருக்கிறது.

அந்த மாணவிக்கு நான் தரவிரும்பும் மீதி விடை இதுதான். நம் நாய்கள் ஆட்டை ஓட்டுவதில்லை, ஏனெனில் நம் நிலத்தில் ஓநாய் இருக்கிறது. கூடவே, நம் மந்தைகளின் முன்னும் பின்னும் இன்னும் மனிதர்கள் நடக்கிறார்கள். ஸ்காட்லாந்தின் மலையில் ஒரு நாய் அத்தனை ஆட்டை ஓட்டும் காட்சியைப் பார்க்கும்போது நாம் வியக்கிறோம். வியக்கத்தக்கதுதான். அச்சரிவில் வேறு யாரும் ஏன் இல்லை என்று ஒருமுறை கேட்டுவிட்டு வியப்பது வரலாற்று மாணவரின் கடமை. அடுத்த பருவத்தில் காடி நாய் பற்றி யாரேனும் ஆய்வேடு எழுத முன்வந்தால், நாயின் அளவுகளோடு அதை வளர்க்கும் குடும்பங்களின் மேய்ச்சல் வழியையும் வரைபடத்தில் குறித்துக்கொண்டு தொடங்குங்கள்.